நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை

வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் செல்வோர் நடவுக் காலத்தில் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நாற்றங்காலில் கரும்பச்சையாய்ச் செழித்து நின்ற நாற்று, பறித்து வேறு வயலில் நட்ட மறுநாளே தலை சாய்ந்து, நிறம் வெளுத்து நிற்கும். உழவை அறியாதவர் அதைப் பார்த்தால் பயிர் பட்டுப்போயிற்று என்றே எண்ணுவார். உழவரோ கலங்கமாட்டார். அறுந்த வேர் புது மண்ணைப் பற்றுவதற்குச் சில நாட்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதுவரை தண்ணீரை அளவாய்க் கட்டி, பொறுமையோடு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் முடிவைத்தான் ‘பயிர் பச்சை பிடித்துவிட்டது’ என்று மகிழ்ச்சியோடு சொல்வார்.

நம் பிள்ளைகளுக்கும் இப்படியொரு பருவம் உண்டு. உள்ளூர்ப் பள்ளியில் கூடைப்பந்து ஆடிப் பெயர் பெற்ற ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கு அவன்தான் உயரமானவன். அணிக்கு அவன்தான் தலைவன். ஆட்டத்தின் பேரால் வெளியூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கிறது. செங்கற்பட்டு செல்லும் ரயிலில் அவனை ஏற்றிவிட்டு, அத்தாவும் அம்மாவும் துஆச் செய்தபடி வீடு திரும்புகிறார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வரும் பையனிடம் பழைய சிரிப்பு இல்லை. “எத்தனை ஆட்டம் ஆடினாய்?” என்று கேட்டால் தலை குனிகிறான். அணியில் இருக்கிறான், ஆனால், களத்தில் இல்லை. உறவினர் சிலர், “இவன் ஆட்டம் அவ்வளவுதான் போலும்” என்கின்றனர். வேறு சிலர், “அந்தக் கல்லூரி சரியில்லை, இன்னொன்றுக்கு மாற்றிவிடுங்கள்” என்கின்றனர்.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நட்ட நாற்று வெளுப்பது அதன் குற்றமன்று. வயலின் குற்றம் என்றும் உடனே சொல்லிவிட இயலாது. அந்த இடைக்காலத்தில் அதற்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதே பின்வருவதைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சான்றாக மூவர் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்வோம். மூவரும் கூடைப்பந்துக்காக ஊர்விட்டு வேறு கல்விக்கூடம் சென்றவர்கள்.

இருநூறு நிமிடங்களின் கணக்கு

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் ஆடுவதற்கென்று இதனை உருவாக்கினார். பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் பொருத்தி, 13 விதிகளை எழுதி வைத்தார். அந்தப் பத்தடி உயரம் இன்றும் மாறவில்லை. இளைஞர் கிறிஸ்தவ சங்கங்களின் வழியாக இவ்வாட்டம் நம் நாட்டுக்கு வந்தது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கூடம், விளையாட்டு ஆசிரியர்கள் பலரை நாட்டுக்குத் தந்தது. முதலாவது தேசியப் போட்டி 1934-இல் டில்லியில் நடந்தது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் நாற்பது நிமிடம். ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஐந்து பேர். ஆக, ஓர் அணிக்குக் கிடைப்பவை மொத்தம் இருநூறு ஆட்ட நிமிடங்கள். அணியிலோ பன்னிருவர். ஏரித் தண்ணீரைப் போல இந்த இருநூறு நிமிடங்களைத்தான் பயிற்றுநர் பன்னிருவருக்கும் பகிர வேண்டும். மூன்றாண்டு பழகிய மூத்த மாணவர்களுக்கு முதல் மடை திறக்கும். புதிதாய் வந்தவனுக்குக் கடைமடைத் தண்ணீர்தான். சில நாட்களில் அதுவும் இராது.

இதைத் தவிர இன்னொரு மாற்றமும் உண்டு. பள்ளியில் உயரமான பையன் கூடைக்கு அடியில் நின்றாலே போதும். பந்து அவன் கைக்கு வந்துவிடும். கல்லூரியில் அவனைவிட நெடியவர்கள் நாலு பேர் இருப்பார்கள். “நீ வெளியே நின்று பந்தைத் தட்டிக்கொண்டு வா, தொலைவிலிருந்து எறி” என்று பயிற்றுநர் சொல்வார். பத்தாண்டுப் பழக்கத்தை மறந்து வேறொன்றைக் கற்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. கற்கும் காலத்தில் தெரிந்த ஆட்டமும் குலைந்துபோகும். இஃது எல்லாக் கலைக்கும் பொதுவானது. இதற்கிடையே பயிற்சியின் அளவு இருமடங்காகிறது. உடல் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் காயம் நேரிடுகிறது. புது உணவு, புது மொழி, தனிமை ஆகியவை வேறு. பிள்ளை தேங்கி நிற்பதற்கு இவ்வளவு காரணங்கள் இருக்கின்றன. சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நீதியாகாது.

பஞ்சாப் சிற்றூரிலிருந்து ஒருவர்

நம் நாட்டு இளைஞர் சத்னாம் சிங்கின் கதையைக் கேளுங்கள். பஞ்சாப் மாநிலம் பர்னாலா அருகே பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர். தந்தை பல்பீர் சிங் ஏழடிக்கு மேல் உயரமுள்ள விவசாயி. மாவு மில்லும் வைத்திருந்தார். இளமையில் அவரைக் கண்டவர்கள் கூடைப்பந்து ஆடச் சொன்னார்கள். நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவருடைய தந்தை விடவில்லை. தமக்குக் கிட்டாதது மகனுக்காவது கிட்டட்டும் என்று எண்ணிய பல்பீர், பத்து வயதளவிலேயே மகனை லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் சேர்த்தார். அங்கே டாக்டர் எஸ். சுப்பிரமணியன் என்ற பயிற்றுநரிடம் பையன் வளர்ந்தான்.

2010-ஆம் ஆண்டு, பதினான்காம் வயதில், உதவித்தொகை பெற்ற எட்டு இந்திய மாணவ மாணவியருள் ஒருவராக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள விளையாட்டு உறைவிடப் பள்ளிக்குச் சென்றார். ஆங்கிலம் ஏறத்தாழத் தெரியாது. வகுப்பில் பாடம் விளங்கவில்லை. களத்தில் பயிற்றுநர் சொல்லும் கட்டளையும் விளங்கவில்லை. ஏழடி இரண்டு அங்குல உயரமும், நல்ல எறிதிறனும் இருந்தன. ஆயினும் அமெரிக்க ஆட்டத்தின் வேகத்துக்குக் கால்கள் பழக வேண்டியிருந்தது. ஐந்தாண்டு உழைத்தார். மொழியைக் கற்றார், ஆட்டத்தையும் கற்றார்.

ஆனால், ஒரு முக்கியமான படி தவறிப்போயிற்று. அந்நாட்டில் பள்ளிக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் நடுவே கல்லூரி ஆட்டம் என்றொரு படி உண்டு. வளரும் வீரர்கள் தவறு செய்து திருந்துவதற்கான களம் அதுவே. அதில் நுழையக் குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட தேர்ச்சி வேண்டும். மொழி தெரியாமல் தொடங்கிய சத்னாமுக்கு அந்தக் கல்வித் தகுதி கைகூடவில்லை. ஆகவே, கல்லூரியைத் தாண்டி நேராகத் தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். 2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர்தாம். நாடே மகிழ்ந்தது.

மகிழ்ச்சிக்குப் பின் நடந்ததைத்தான் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதன்மை அணிக்காக ஓர் ஆட்டங்கூட அவர் ஆடவில்லை. அதன் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஈராண்டு இருந்தார். அங்கும் கிடைத்தவை சில நிமிடங்களே. பின்னர்க் கனடா நாட்டு அணியொன்றில் ஆடினார். இந்திய அணிப் பயிற்சி முகாமில் எடுத்த சோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருந்ததாகக் கண்டு, 2020 டிசம்பரில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அவருக்கு ஈராண்டுத் தடை விதித்தது. 2021-இல் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்துறைக்குச் சென்றுவிட்டார்.

இதைச் சொல்வது அவரைக் குறை கூறுவதற்காக அன்று. பல்லோ கே போன்ற ஊரிலிருந்து அவ்வளவு தூரம் சென்றதே அருஞ்செயல். ஆனால், வளர வேண்டிய வயதில் அவருக்கு வேண்டியது பெயர் அன்று, ஆட்ட நிமிடங்கள். அந்த நிமிடங்களைத் தரக்கூடிய கல்லூரியின் கதவைத் திறக்கும் சாவி பந்தில் இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்தது.

லாகோஸ் நகரத்து மாணவர்

அடுத்தவர் நம்மில் பலர் அறிந்த பெயருடையவர். ஹக்கீம் ஒலாஜுவான், நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் சிமெண்டு வணிகம் செய்தனர். லாகோஸில் முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில் பயின்ற காலத்தில் கால்பந்தும் கைப்பந்தும் ஆடியவர், பதின்வயதின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். விமான நிலையத்தில் வரவேற்க ஒருவரும் இல்லை. வாடகைக் கார் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார்.

முதல் ஆண்டு முழுவதும் அவர் போட்டி எதிலும் ஆடவில்லை. இரண்டாம் ஆண்டிலும் தொடக்க ஐவரில் இடமில்லை; மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். ஆட்டத்துக்குச் சராசரி எட்டுப் புள்ளிகளைச் சற்றே தாண்டினார். ஊரிலிருந்து பார்ப்பவர் என்ன சொல்லியிருப்பார்? “ஏழு கடல் தாண்டிப் போயும் பயனில்லை” என்றுதான்.

அவர் வேறு கல்லூரி தேடவில்லை. இன்னும் அதிக நேரம் ஆட நான் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்றுநர்களிடமே கேட்டார். ஹூஸ்டனில் வாழ்ந்த மோசஸ் மலோன் என்ற பெரும் வீரரோடு பழகி ஆடுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். 1982-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நகரின் பொது விளையாட்டுக் கூடம் ஒன்றில் மலோனை எதிர்த்து நாள்தோறும் ஆடினார். தோற்றார், மறுநாள் மீண்டும் போனார். கோடை முடிந்து திரும்பியபோது வேறு மனிதராக இருந்தார். 1983-ஆம் ஆண்டுக் கல்லூரி இறுதிப் போட்டியில் அவர் அணி தோற்றது. ஆனாலும், அந்தத் தொடரின் சிறந்த வீரர் என்ற சிறப்பு அவருக்கே கிடைத்தது. 1984-இல் தொழில்முறைத் தேர்வில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மைக்கேல் ஜோர்டான் அவ்வாண்டு மூன்றாவதாகத் தேர்வு பெற்றவர். 1994, 1995 ஆகிய ஈராண்டும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குக் கோப்பையை ஈட்டித் தந்தார்.

பல காலம் ‘அக்கீம்’ என்றே எழுதப்பட்டுவந்த தம் பெயரை, 1991-இல் ‘ஹக்கீம்’ என்று திருத்திக்கொண்டார். மார்க்கப் பற்று அவரிடம் ஆழமான காலம் அது. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ரமலானாக அமைந்தது. பகலில் நோன்பிருந்து மாலையில் ஆடினார். அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். நோன்பு ஆட்டத்தைக் கெடுக்கும் என்று அஞ்சும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

சத்னாமுக்கும் ஹக்கீமுக்கும் உள்ள வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை. ஹக்கீமுக்குக் கல்லூரி என்ற நிழல் இருந்தது. ஆடாத ஆண்டிலும் அவர் மாணவர்; பயிற்சி உண்டு, பாடம் உண்டு, காத்திருக்கக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் தம்மைவிடப் பெரியவரிடம் கற்கும் பணிவும் அவரிடம் இருந்தது.

ஒரு முஸ்லிம் சகோதரியின் பொறுமை

மூன்றாமவர் பில்கீஸ் அப்துல் காதிர். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பெண். எட்டாம் வகுப்பிலேயே பள்ளியின் முதன்மை அணியில் ஆடத் தொடங்கினார். ஒன்பதாம் வகுப்பு முதல் ஹிஜாப் அணிந்து, முழுக்கைச் சட்டையும் கால்களை மூடும் உடையும் தரித்தே களம் இறங்கினார். பள்ளிப் பருவம் முடிந்தபோது அவர் குவித்திருந்த புள்ளிகள் 3,070. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்கள், பெண்கள் யாரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை அது. 2009-ஆம் ஆண்டு ரமலானில் வெள்ளை மாளிகையில் நடந்த இஃப்தார் விருந்துக்கு அழைக்கப்பட்டார். அதிபர் ஒபாமா தம் உரையிலேயே அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

அதே ஆண்டு மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போட்டிப் பருவம் தொடங்குமுன்பே முழங்காலின் தசைநார் கிழிந்தது. கூடைப்பந்தில் திடீரென நின்று திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும் நேரும் காயம் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் களம் திரும்ப ஏறத்தாழ ஓராண்டாகும். முதல் பருவம் முழுவதும் அவர் வெளியே அமர்ந்து பார்த்தார். மறு ஆண்டு களம் இறங்கியபோது, அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் பெண்ணானார். ஆனால், பள்ளியில் மழையாய்ப் பொழிந்த புள்ளிகள் அங்கே பொழியவில்லை. மூன்று பருவம் ஆடிப் பட்டமும் பெற்ற பின், இன்னும் ஒரு பருவம் ஆட உரிமை எஞ்சியிருந்தது. மேற்படிப்பு மாணவியாக இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2013-14 பருவத்தை அங்கே ஆடி நிறைவு செய்தார்.

அடுத்து வெளிநாட்டு அணிகளில் ஆட விரும்பியபோது ஒரு சுவர் எழுந்தது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமான எதையும் தலையில் அணியக்கூடாது என்பது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் அன்றைய விதி. 2014 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில், இதே விதியால் கத்தார் நாட்டுப் பெண்கள் அணி மங்கோலியாவுடன் ஆடாமல் விலகியதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பில்கீஸுக்கு முன் இருந்தவை இரண்டே வழிகள்: ஹிஜாபை விடுவது, அல்லது ஆட்டத்தை விடுவது. ஆட்டத்தை விட்டார். பிற நாட்டு முஸ்லிம் வீராங்கனைகளோடு சேர்ந்து விதியை மாற்றக் குரல் கொடுத்தார். 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய சம்மேளனம் விதியைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து தலைத்துணி அணிந்து ஆட வழி பிறந்தது.

அந்த மாற்றம் அவருடைய ஆட்ட வாழ்வுக்குக் காலம் கடந்தே வந்தது. ஆயினும், பின்வரும் பெண்களுக்கு வழி திறந்தது. பந்து கையை விட்டுப் போன நாளில் அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. கையில் பட்டம் இருந்தது. பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பேற்றார்; பின்னர்க் கனடாவில் குடியேறி, சிறுமியருக்குப் பயிற்சி தரும் பணியைத் தொடர்ந்தார்.

அடிக்கடி இடம் மாறுவது நல்லதா?

அமெரிக்காவில் முன்பு கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர் ஓராண்டு போட்டியில் ஆடாமல் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பட்டம் முடித்து மாறுவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பில்கீஸ் அப்படி மாறியவரே. 2021-இல், ஒருமுறை மாறுவோருக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. 2024-இல், படிப்பில் தேறிவரும் மாணவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று. தகுதியற்ற இடத்தில் சிக்கிக்கொண்ட மாணவருக்கு இது விடுதலைதான். ஆயினும் மறுபக்கமும் உண்டு. இந்த ஆண்டு நிமிடம் கிடைக்கவில்லை என்று மாறுபவர், அடுத்த இடத்திலும் புதியவராகவே நிற்கிறார், மீண்டும் கடைமடைதான். வருடத்துக்கொரு வயலில் பிடுங்கி நடும் நாற்று எங்கே தூர் கட்டும்? எங்கே கதிர் தள்ளும்?

ஊர் விட்டுப் போனால்தான் வளரலாம் என்பதும் இல்லை. நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளி எதற்கும் போகாமல், இங்கேயே ஆடி வளர்ந்து, தென்னக ரயில்வேயில் பணியும் பெற்றவர். இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக நெடுங்காலம் விளங்கினார். தாயான பிறகும் களம் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் அவர் இடம்பெற்ற இந்திய அணி வென்றது. 2021-ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டு உலகறிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர் வாரியத்துக்குக் குடவோலை வழியே ஆள் எடுக்கும் முறையை அது கூறுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், கல்வி இருக்க வேண்டும் என்று தகுதிகளை முதலில் வரையறுத்து, அதன் பிறகே ஓலையைக் குடத்தில் இட்டார்கள். ஓர் ஊர் வேலைக்கே அவ்வளவு ஆராய்ந்த மண் இது. பெற்ற பிள்ளையை ஒப்படைக்கும் கல்லூரியின் தகுதியை நாம் ஆராய வேண்டாமா?

முதலாவது, ஆட்ட வாய்ப்பு. என் மகன் ஆடும் இடத்தில் ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எந்த ஆண்டு மாணவர்கள், இரண்டாம் அணி ஒன்று உண்டா என்று பயிற்றுநரிடம் நேரில் கேளுங்கள். புகழ்பெற்ற அணியில் அமர்ந்திருப்பதைவிடச் சிறிய அணியில் ஆடுவது வளரும் வயதுக்கு நல்லது.

இரண்டாவது, படிப்பு. போட்டிக்காகத் தவறிய வகுப்புக்கும் தேர்வுக்கும் என்ன ஏற்பாடு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அத்தகைய வாய்ப்புக்கு விளையாட்டுச் சான்றோடு கல்விச் சான்றும் வேண்டும். பட்டத்தை முடிக்காதவனுக்கு அந்தக் கதவுகள் பல திறக்கமாட்டா.

மூன்றாவது, உடல்நலம். காயம் பட்டால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது என்பதை முன்னமே பேசிக்கொள்ளுங்கள். முழுதும் ஆறுமுன் களம் இறக்கச் சம்மதிக்காதீர்கள். கடையில் விற்கும் சத்துப் பொடிகளையும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் கேளாமல் உண்ண விடாதீர்கள். தடை செய்யப்பட்ட பொருள் அவற்றில் கலந்திருக்கலாம்; தெரியாமல் உண்டாலும் தண்டனை வரக்கூடும்.

நான்காவது, வாழ்க்கை முறை. ஹலாலான உணவு கிடைக்குமா, ஜும்ஆவுக்குப் போகப் பள்ளிவாசல் அருகில் உண்டா, நோன்புக் காலத்தில் பயிற்சி நேரத்தை மாற்றித் தருவார்களா, பெண் பிள்ளையாயின் உடை பற்றிப் போட்டி நடத்துவோரின் விதி என்ன என்பவற்றை வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்ப்பது, சேர்த்த பின் வருந்துவதைவிட மேல்.

அனுப்பிய பின் வீட்டார் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. தொலைபேசியில் பேசும்போது, “எத்தனை புள்ளி எடுத்தாய்?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். “சாப்பிட்டாயா? தூக்கம் வருகிறதா? யாரோடு பழகுகிறாய்? இந்த வாரம் புதிதாய் என்ன கற்றாய்?” என்று கேளுங்கள். ஆடாத காலத்தில் பிள்ளையின் மனத்தை அரிப்பது தோல்வியன்று. வீட்டாரின் முகம் வாடுமே என்ற அச்சம். அந்த அச்சம் நீங்கினால் பாதிப் பாரம் குறையும். ஓராண்டு பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் பயிற்சியும் படிப்பும் பரிவும் இல்லாத இடம் என்று தெளிவானால் மாற்றுங்கள், அது தவறில்லை. பிள்ளையோடு அமர்ந்து பேசி, மஷூரா செய்து மாற்றுங்கள். கோபத்தில் வேண்டாம்.

ஹக்கீமின் அந்த முதலாண்டையும், பில்கீஸ் ஊன்றுகோலோடு அமர்ந்து பார்த்த பருவத்தையும் அன்று கண்டவர்கள் வெளுத்த நாற்றையே கண்டிருப்பார்கள். வேர் மண்ணுக்குள் செய்யும் வேலை வரப்பில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை தலை குனிந்து வந்து நிற்கும் நாளில், இதை நாம் நினைவுகூர வேண்டும். அவன் கையில் புத்தகம் இருக்கிறதா, உடல் நலமாக இருக்கிறதா, நல்ல ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்கிறாரா என்று பாருங்கள். இம்மூன்றும் இருந்தால் கலங்க வேண்டியதில்லை. இன்ஷா அல்லாஹ், பயிர் பச்சை பிடிக்கும்.

வெளியூரில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் உடல் நலத்தையும் நல்ல துணையையும் பயனுள்ள கல்வியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.